தங்கச்சியின் நல்ல கண்

ஈசுவர வருஷம், மாசி, வெள்ளிக்கிழமை.

அந்தக் குலவைச் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

தங்கச்சி பேச்சிக்கு வேலிமுள் குத்தி இடது கண் போனது. மதுரை டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்: "செத்த கண்ணை எடுத்திருங்க. விட்டுவச்சா உடம்பு அதை எதிரின்னு நெனச்சுச் சண்டைக்குப் போகும். நல்ல கண்ணும் அதே சாயல்தானே, அதையும் சேத்து அழிச்சிரும். வெளிச்சம் கூசுனா அன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

அவள் மாமியார் கேட்கவில்லை. "கண்ணத் தோண்டுன மருமகளோட எந்தச் சபையில போயி நிப்பேன்?" என்று கண்மலர் நேர்ந்துகொண்டாள்.

இன்று வீரபாண்டி அம்மன் கோயிலில் அந்த வெள்ளிக் கண்களைச் சாத்தினோம். பூசாரி கற்பூரம் காட்டியதும் பேச்சி நல்ல கண்ணை இறுகப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் தாரையாக ஊற்றியது.

"ஆத்தா பார்வை பட்டிருச்சு!" என்று மாமியார் குலவை போட்டாள். அவளைக் கட்டிய மச்சான் பல்லைக் காட்டியபடி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கூசுதுண்ணே" என்று பேச்சி முனகியது எனக்கு மட்டும் கேட்டது.

த்தூ! இதுகளும் மனுசப் பிறவிகள்.

சண்டை போட்டு அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். விடிந்ததும் மதுரை பஸ். இனி செத்த கண்ணை எடுத்தாலும் மற்ற கண்...

உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள்.

"அண்ணே, அந்த விளக்கை அணைச்சிரேன்."