லொரெய்ன் இன்னும் கேட்கவில்லை

செப்டம்பர் 21, ஞாயிறு

பக்கத்து வீட்டு கென்னின் மனைவி இன்று என்னைப் பிடித்துவிட்டாள். பின்சந்தில் அவர்கள் குப்பைத்தொட்டி மேல் ஏறி நின்று, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பாய்லர் குழாய்க்கு நேராக உள்ளங்கையைக் காட்டிக்கொண்டிருந்தேன். சூடான காற்று வருகிறதா, வீட்டைச் சூடாக்கும் ஹீட்டிங்கைக் கென் போட்டுவிட்டானா என்று பார்ப்பதுதான் நோக்கம். குழாய்க்குப் பக்கத்தில் இருப்பது குளியலறை ஜன்னல் என்பது ஜன்னல் திறந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. தலையில் துண்டு, அதற்குக் கீழே அவள் முகம்.

"நெவில், அங்க என்ன பண்ற?"

"பூனையத் தேடுறேன்."

எங்களிடம் பூனை கிடையாது. அவளுக்கும் அது தெரியும்.

குழாய் சூடாகத்தான் இருந்தது. ஆனால் அவள் குளித்துக்கொண்டிருந்தாளே, அது வெந்நீருக்காகவும் இருக்கலாம். ஆக, மானம் போனதுதான் மிச்சம், தகவல் ஒன்றும் கிடைக்கவில்லை.

நானும் கென்னும் வேலை செய்யும் பேக்கரியில் எங்கள் சட்டம் இது: அக்டோபர் கடைசி ஞாயிறு, குளிர்காலத்துக்காக ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் நாள்வரை யாரும் வீட்டில் ஹீட்டிங் போடக் கூடாது. முதலில் போடுகிறவன் ஒரு வாரம் முழுக்க ரோஸ் நிறக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டும். உச்சியில் குஞ்சம் வேறு. நான் அதை ஒருநாளும் போட்டதில்லை. கென்னும் போட்டதில்லை. அதனால்தான் குப்பைத்தொட்டி.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மகள் கீலி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துக்கொண்டாள். மனைவி லொரெய்ன் லேசாகச் சிரித்துவிட்டு மாடிக்குப் போனாள்.

செப்டம்பர் 24, புதன்

லொரெய்ன் இன்னும் கேட்கவில்லை.

செப்டம்பர் பாதியிலேயே ஆரம்பித்துவிடுவாள். முதலில் ஒரு ஸ்வெட்டர், அப்புறம் அதன்மேல் இன்னொன்று, அப்புறம் சோபாவில் கம்பளி. பிறகு முன்நடையில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் திருகுக்கு எதிரே வந்து நிற்பாள். "நெவ், ஒரு மணி நேரம் போடேன்." நான், "போய் இன்னொரு ஸ்வெட்டர் போடு" என்பேன். இது மாதக் கடைசிவரை நடக்கும், அக்டோபர் முழுக்க நடக்கும். கடைசியில் ஒருநாள் கத்துவாள். நான் இரண்டு கையையும் தூக்கிச் சரணடைந்து திருகைத் திருப்புவேன். கடிகாரம் மாறிய பிறகுதான், ஜாக்கிரதையாக. திங்கட்கிழமை பேக்கரியில், "என்ன பண்றது, வீட்டுக்காரி விடல" என்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். எல்லோரும் அதையேதான் சொல்வார்கள். எங்களில் ஒருவனுக்கும் குளிர்வதே இல்லை.

இந்த வருஷம் அவள் அந்தத் திருகுப் பக்கமே போகவில்லை. நல்லதுதானே? வயது ஏற ஏறப் புத்தி வருகிறது போல. அவளுக்கு.

செப்டம்பர் 29, திங்கள்

வேலை முடிந்து வந்ததும் வழக்கம்போல, வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் கை வைத்து, யாராவது திருட்டுத்தனமாகப் போட்டார்களா என்று பார்த்தேன். கல் மாதிரி சில்லென்று இருந்தது. நேர்மையான பெண்கள்.

அக்டோபர் 3, வெள்ளி

முதுகுவலியால் என்னை அடுப்புப் பக்கத்திலிருந்து மாற்றிவிட்டார்கள். இனி லாரியில் ரொட்டித் தட்டு ஏற்றும் பக்கம். அங்கே ஷட்டர் எப்போதும் திறந்தே இருக்கும், குன்றுக் காற்று நேரே உள்ளே வரும். முதுகுக்கு நல்லதாம்.

வீட்டுக்கு வந்து மீன் வறுவல் பொட்டலத்தைப் பிரிக்க விரல் மடங்கவில்லை. கீலிதான் பிரித்துக் கொடுத்தாள்.

"என்னப்பா, அடுப்புல வேகுற ஆளு, இப்ப மீனவிட சில்லுன்னு இருக்க."

இத்தனை வருஷமாக அடுப்பின் சூட்டை உடம்பில் ஏற்றிக்கொண்டு இந்த வீட்டுக்குள் வந்திருக்கிறேன். வீடு இப்படி இருக்கும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

சொன்னாள். இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

ஒரு சிக்கல். எனக்கு ஹீட்டிங் போட ஆசையாக இருக்கிறது. உண்மையாகவே. ஆனால் யாரும் கேட்காமல் எப்படிப் போடுவது? லொரெய்ன் கேட்டால் ஒரு முனகல் முனகிவிட்டுப் போட்டுவிடலாம், தொப்பியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், மனைவிக்காக என்று ஒரு பெயராவது இருக்கும். கேட்க மாட்டேன் என்கிறாளே.

கேட்பதற்கு அவள் வீட்டில் இருந்தால்தானே. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்ததும் நேரே அக்கா ஜானிஸ் வீட்டுக்குப் போகிறாள். ஸ்டேஷன் பக்கத்து அடுக்குமாடி. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருகிறாள். எங்களுக்குக் காலையிலேயே ஏதாவது செய்து அடுப்பில் மூடி வைத்திருப்பாள்.

"அங்க என்னதான் பண்றீங்க அக்காவும் தங்கச்சியும்?"

"சும்மா பேசிட்டு இருக்கோம்."

அவள் கன்னம் சிவப்பாக இருந்தது. கதகதப்பான இடத்திலிருந்து வருகிறவர்களின் கன்னம்.

அக்டோபர் 9, வியாழன்

தூண்டிப் பார்த்தேன். சோபாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைத் தேய்த்துக்கொண்டு, "இந்த வருஷம் சீக்கிரமே குளிர் வந்துடுச்சு, இல்ல?" என்றேன்.

"ம்."

"உனக்குக் குளிரலையா?"

"பழகிடுச்சு."

டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பேன். லொரெய்னின் கோபம் எனக்கு நன்றாகத் தெரியும், அதில் எனக்கென்று ஒரு இடம் உண்டு. இது வேறு.

அக்டோபர் 10, வெள்ளி

பழகிடுச்சு என்றால் என்ன அர்த்தம்?

அக்டோபர் 14, செவ்வாய்

கீலி காலேஜிலிருந்து வந்தாள். ஸ்வெட்டர் கையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. என்னது என்று கேட்டேன்.

"பெயிண்ட். ஜானிஸ் பெரியம்மா வீட்டுல. அந்தச் சின்ன ரூமுக்கு அம்மா அடிச்சிட்டு இருக்கா, நான் கொஞ்சம்—" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எந்தச் சின்ன ரூம்?"

"அப்பா, அம்மாகிட்டயே கேளு."

"விருந்தாளிக்கா?"

அவள் கெட்டிலைப் போட்டாள். இரண்டு கோப்பை எடுத்தாள். பதினேழு வயதுப் பெண் கேட்காமலே அப்பாவுக்கு டீ போட்டுக் கொடுக்கிறாள் என்றால் விஷயம் பெரிது.

விருந்தாளிக்கு யாராவது புதுப் பெயிண்ட் அடிப்பார்களா? ஜானிஸ் வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள்?

எனக்குத் தெரியும். எழுதத்தான் கை வரவில்லை.

அக்டோபர் 18, சனி

போட்டுவிட்டேன்.

மத்தியானமே போட்டேன். சின்னச் சாவியோடு அறை அறையாகப் போய் ரேடியேட்டரில் அடைந்த காற்றை வெளியேற்றினேன். வருஷம் முழுக்கப் படிந்த தூசி பொசுங்கும் அந்த வாசனை வீடு பூரா வந்தது. குழாய்கள் முனகின. ரேடியேட்டரை மறைத்துக்கொண்டிருந்த துணி காயப்போடும் ஸ்டாண்டை எடுத்து உள்ளே வைத்தேன். டீ போட்டு வைத்துக்கொண்டு, பரிசு வாங்கப் போகிற பையன் மாதிரி முன்நடையிலேயே நின்றேன்.

லொரெய்ன் வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. ரேடியேட்டரில் கை வைத்தாள், எடுத்தாள்.

"யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. நானே போட்டேன்."

"அப்ப தொப்பி?"

"போட்டுக்கறேன். உனக்காகத்தானே."

"எனக்காகத் தொப்பி போட்டுக்கறியா. அடேயப்பா, எவ்ளோ பெரிய தியாகம்."

சிரிப்பாள் என்று பார்த்தேன். மாடிப்படியில் உட்கார்ந்தாள், கோட்டோடு.

"நெவ், நீ தினம் வீட்டுக்குள்ள வந்ததும் முதல்ல என்ன பண்ணுவ, தெரியுமா?"

"ஷூவக் கழட்டுவேன்."

"ரேடியேட்டர்ல கை வைப்ப. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசறதுக்கு முன்னாடி. நான் சமையல்கட்டுல இருந்து பாத்துட்டே இருப்பேன். திருடி இன்னிக்காவது மாட்டுவாளான்னு பாக்குற மாதிரி இருக்கும்."

"அது விளையாட்டு, லொரெய்ன்."

"ஆமா. விளையாடினது நீயும் கென்னும். குளிர்ல உக்காந்திருந்தது நான்."

"நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா—"

"கேட்டேனே. கல்யாணம் ஆனதுலேருந்து கேட்டுட்டுத்தானே இருந்தேன். என் வீட்டுல எனக்குக் குளிருதுன்னு உங்கிட்ட பர்மிஷன் கேட்டேன். இந்த வருஷம் கேக்காம இருந்து பாப்போம்னு தோணுச்சு. கேக்காட்டி என்ன ஆகுதுன்னு."

என்ன ஆயிற்று என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இவ்வளவுக்கும் பிறகு என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஜானிஸ் வீட்டு ரூமுக்கு என்ன கலர்?"

"மஞ்சள்," என்றாள்.

டீ ஆறிப்போனது. அதை நானே குடித்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

என்னய்யா பெரிய தப்பு பண்ணிட்டேன்? குடிக்கிறேனா? அடிக்கிறேனா? ஊர் உலகத்துல எந்த ஆம்பளதான் செப்டம்பர்ல ஹீட்டிங் போடுறான்? ஒரு திருகு. சுவத்துல இருக்குற ஒரு சின்ன பிளாஸ்டிக் திருகு. அவளே திருப்பியிருக்கலாமே. கையக் கட்டியா வச்சிருந்தேன்?

— கட்டித்தான் வச்சிருந்தேன் போல.

கீலி மாடியிலிருந்து, "அப்பா, யாருகிட்ட பேசிட்டு இருக்க?" என்றாள். சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

தொப்பி போட்டேன். ரொட்டித் தட்டு ஏற்றும் இடத்தில் அது உண்மையில் நல்ல கதகதப்பு. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், ஒருவன் முத்தம் பறக்கவிட்டான். நானும் குஞ்சத்தை ஆட்டிக் காட்டினேன். சிரிக்க வைப்பது எனக்கு எப்போதும் கைவந்த கலை.

இடைவேளையில் கென் என்னை மாவு மூட்டைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"மாப்ளே, வெளியில சொல்லிடாத. நாங்க போன மாசமே போட்டுட்டோம்."

"என்னது?"

"வருஷா வருஷம் அப்படித்தான். அவளுக்குக் குளிருச்சுன்னா அவளே போட்டுக்குவா. நான் இங்க வந்து ஒண்ணும் சொல்றதில்ல, அவ்ளோதான்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீயும் அப்படித்தான்னு நெனச்சேன். நெசமாவே போடாமலா இருந்த? லொரெய்ன் உன்ன சும்மாவா விட்டா?" என்றான்.

 தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ஊர் முழுக்கப் பொய் விளையாட்டு. அதை நிஜமாக ஆடிய ஒரே முட்டாள் நான். ஆட்டத்தில் இருக்கிறோம் என்றே தெரியாமல் என்னோடு சேர்ந்து தோற்றவள் அவள்.

அக்டோபர் 26, ஞாயிறு

கடிகாரம் மாறிய நாள். லொரெய்ன் போய்விட்டாள். ஒரு பெட்டி, ஒரு தலையணை. "குளிர்காலம் போகட்டும் நெவ், அப்புறம் பேசலாம்" என்றாள். கீலிக்கு இங்கிருந்துதான் காலேஜ் பக்கம், அதனால் அவள் என்னோடு. பெட்டியை நான்தான் காரில் வைத்தேன். கனமாக இருந்தால் தேவலை என்று இருந்தது, கனமே இல்லை.

அப்புறம் வீட்டுக் கடிகாரங்களை ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளினேன். இன்றைக்குப் பார்த்து ஒரு மணி நேரம் அதிகம்.

நவம்பர் 5, புதன்

வருஷா வருஷம் இந்த ராத்திரி நடப்பதுபோல வெளியே வாணவேடிக்கை. எல்லார் வீட்டுப் பின்புறத்திலும் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். நான் போகவில்லை.

ஹீட்டிங்கை நாள் முழுக்க முழு வேகத்தில் வைத்திருக்கிறேன். கீலி டி-ஷர்ட்டும் அரை டிராயருமாக உலாவுகிறாள்.

"அப்பா, இது வீடா ஸ்பெயினா?"

"இருக்கட்டும்."

"அம்மா இங்க இல்ல, தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப யாருக்கு?"

பிறகு அவளுக்கே என்னவோ போலாகிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, லொரெய்ன் அடுத்த ஞாயிறுவிட்டு மறு ஞாயிறு பூட்ஸ் எடுக்க வருவாள் என்றாள். பாலிஷ் போட்டு வைத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

பஸ் நிறுத்தத்திலிருந்து மேட்டில் நடந்தே வந்தாள். நான் வழக்கம் இல்லாத வழக்கமாக அவள் கோட்டை வாங்கி மாட்டினேன். கீலி ஆட்டிறைச்சி குழம்பு வைத்திருந்தாள், உருளைக்கிழங்கு பாதி வேகவில்லை, மூவரும் நன்றாக இருக்கிறது என்றோம். ஜானிஸ் விடும் குறட்டையை லொரெய்ன் நடித்துக் காட்டினாள். சிரித்தோம். பூட்ஸைப் பார்த்துவிட்டு, "நீயா பாலிஷ் போட்ட? லேஸுக்கும் சேத்துப் போட்டிருக்கியே" என்றாள். போட்டிருந்தேன்தான்.

கொஞ்ச நேரத்தில் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நெவ், இது என்ன, உன் பேக்கரி அடுப்பா? கொஞ்சம் குறைச்சு வையேன்."

"நீயே வை."

என்னைப் பார்த்தாள். கிண்டலா என்று தேடினாள் போலிருக்கிறது. பிறகு எழுந்து முன்நடைக்குப் போனாள். அவள் அதைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. திருகு மெதுவாகத் திரும்பியது, ஒரு சின்ன 'க்ளிக்'. திரும்பி வந்து முன்பு உட்கார்ந்த நாற்காலியில் உட்காராமல் சோபாவில் உட்கார்ந்தாள், காலை மடித்துக்கொண்டு. ஒரு பஸ்ஸை விட்டாள். அடுத்ததையும் விட்டாள்.

ரேடியேட்டர்கள் ஒவ்வொன்றாக ஆறிக்கொண்டு வந்தன. என் விரல் நுனி லாரியில் தட்டு ஏற்றும்போது போல விறைத்துப்போயிற்று. கையை அக்குளில் வைத்துக்கொண்டேன்.

இருட்டுவதற்குள் கிளம்பினாள். பூட்ஸை இங்கேயே போட்டுக்கொண்டாள். போட்டு வந்த ஷூவை எடுத்துக்கொண்டு போகவில்லை, அலமாரிக்குக் கீழே தள்ளிவிட்டாள். மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது, காலால் ஒழுங்காக ஜோடி சேர்த்தே தள்ளினாள். அடுத்த ஞாயிறும் வருவதாகக் கீலியிடம் சொன்னாள். கதவருகில் பித்தான் போட்டுக்கொண்டே திருகைப் பார்த்தாள், அப்புறம் என்னை.

"உனக்கு இது போதுமா? கூட்டி வச்சுக்க வேணும்னா."

"போதும்," என்றேன். "சரியா இருக்கு."

எனக்குக் குளிருது, லொரெய்ன். அதை மட்டும் சொல்லவில்லை.