மிஷின் காட்டிய மூணு வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஜெயப்பிரகாசுக்கு உன் அப்பா எழுதிக்கறது. நானும் உங்கம்மாவும் பாப்பாவும் இங்க கையும் காலுமா நல்லாதான் இருக்கோம், நீ குடகுல எந்த எஸ்டேட்டுல எப்படி இருக்கியோ, அத எங்களுக்குச் சொல்லத்தான் ஆளில்ல. சித்திரையிலேர்ந்து உன் நம்பரைப் போட்டா சுவிட்ச் ஆஃப்னு ஒரு பொம்பள சொல்லிக்கினே இருக்கா, குரலு நல்லா இருக்குது, பேசாம இவளையே பையனுக்குக் கட்டி வச்சிடலாமான்னு உங்கம்மா கிட்ட கேட்டேன், சிரிக்கல. ராஜாங்கம் மேஸ்திரி ஆள் சேக்க நம்ம ஊருக்கு வந்திருக்காரு, நீ பழைய எடத்த வுட்டு மேல வேற காப்பித் தோட்டத்துக்கு மாறிட்டன்னும் ஆளு நல்லாதான் இருக்கறன்னும் சொல்றாரு, ஆனா கண்ணால பாத்தீங்களான்னு கேட்டா தலைய சொறியறாரு. சனிக்கிழமை அவரு வண்டி கெளம்புது, அவரு கையிலதான் இதக் குடுத்தனுப்பறேன். நான் மூணாங்கிளாசோட நின்னவன், எழுத்து கோணலா இருந்தா நீ கழுத்தச் சாச்சிக்கினு படி. கடைசியா பேசினப்ப எப்பப் பாரு சுகரு சுகருன்னே பொலம்பறீங்க வேற பேச்சே கெடையாதான்னு கேட்டுட்டு வச்சிட்ட. அதுல எனக்குக் கோவமில்லடா, ஆனா இப்பவும் அந்தப் பேச்சுதான் பேசப்போறேன், பொறுமையா கேட்டுக்க.

உன் தங்கச்சி பாப்பாவுக்கு ஏழு முடிஞ்சி எட்டு நடக்குது, முன்பல்லு ரெண்டும் வுழுந்து இப்ப என் பெரியப்பா மாதிரி சிரிக்குது. தேவதர்ஷினின்னு நீ ஆசையா வச்ச பேர நான் ஒரு தடவ எழுதறதுக்குள்ள பேனாவே காஞ்சிடுது, அதனால பாப்பான்னே எழுதறேன். ஊரச் சுத்திக் கரும்பு, பகல் பூரா நான் கரும்புல காஞ்ச சோகை உரிச்சிட்டு வரேன், வூட்டுக்கு வந்தா பாப்பா ஒடம்புல சக்கரைய எறக்கறதுக்கு ஊசி, இத நெனச்சி நானே பல நாள் சிரிச்சிருக்கேன். காலையில ஏழு மணிக்கு ஊசி போட்டா அரைமணியில சோறு போட்டுடணும், இல்லன்னா சக்கரை சரசரன்னு எறங்கிடும், எழுவதுக்குக் கீழ போச்சின்னா வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு ஒரு மாதிரி வரும், அப்ப ஒடனே மூணு ஸ்பூன் சக்கரைய தண்ணில கரைச்சிக் குடுத்துட்டு கால்மணி கழிச்சி மறுபடி வெரல குத்திப் பாக்கணும்னு ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னத உங்கம்மா பாட்டு மாதிரி ஒப்பிப்பா. பிரிஜ் இல்லாத வூட்டுல ஊசி மருந்த ஈரமணல்ல பொதைச்ச பானைக்குள்ள வச்சி ரெண்டு வருசமா கெடாம காப்பாத்தறவளும் அவதான். இத மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா மேல படிச்சிட்டு நீ அவள வைய ஆரம்பிச்சிடக்கூடாது.

ஆடி மூணாவது ஞாயித்துக்கிழமை மாரியாத்தா கோயில்ல கூழு ஊத்துனாங்க. பாப்பாவுக்கு ஊசி போட்டாச்சி, கூழு இதோ ஊத்திடுவாங்க இதோ ஊத்திடுவாங்கன்னு பத்து மணி ஆயிடிச்சி. உங்கம்மா பானைய சொமந்துக்கினு வரிசையில, நான் பந்தக்கால் நட்டுட்டு நாலு பேருகிட்ட கதையடிச்சிக்கினு இருந்தேன். பம்பை அடிச்சதும் பாப்பா நின்ன எடத்துலயே ஆட ஆரம்பிச்சிது, கண்ணு எங்கியோ சொருவிக்கிது, ஒடம்பெல்லாம் வேர்வை. சின்னப் புள்ளைக்கு ஆத்தா வந்துட்டான்னு மஞ்சத் தண்ணிய மேல ஊத்தி வேப்பிலைய கையில குடுத்துட்டாங்க. நான் கூட்டத்த பொளந்துக்கினு ஓடி சக்கரைப் பொட்டலத்த எடுத்தா, ஆத்தா மலையேறாம வாயில ஒண்ணும் வைக்கக்கூடாதுன்னு பூசாரி கையப் புடிச்சிட்டாரு. அவருகிட்ட சுகரு ஊசின்னு வெளக்கம் சொல்லிக்கினு இருந்தா புள்ள போயிடும். அதனால நானே சத்தமா ஆத்தா பானகம் கேக்கறா பானகம் கேக்கறான்னு கத்தினேன். அவ்ளோதான், மூணு சொம்பு வெல்லத்தண்ணி வந்திச்சி, பூசாரியே பயபக்தியா ஊட்டி வுட்டாரு. இன்னிக்கு வரைக்கும் இத சொல்லி நான் சிரிப்பேன், ஆனா அந்தப் பானகம் வாய்க்குள்ள போறதுக்கு முன்னாடி பாப்பா ஒண்ணு சொல்லிச்சி. அண்ணன் தண்ணில நிக்குது, முட்டி வரைக்கும் தண்ணின்னு சொல்லிச்சி. குரலு அதோட குரலுதான், ஆனா தூக்கத்துல பேசற மாதிரி. சித்த நேரம் கழிச்சி கேட்டா அதுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. நான் மறந்துட்டேன். உங்கம்மா மறக்கல.

போன வாரம் ரத்தம் பாக்கற மிஷின்ல சொருவுற அட்டை மாசம் முடியறதுக்குள்ள தீந்துடிச்சி. பாப்பாதான் வெளையாடிடிச்சின்னு நெனச்சி அத கிண்டல் பண்ணேன், நான் இல்லன்னுச்சி. அந்த மிஷினு பழசையெல்லாம் வச்சிருக்கும், பட்டன அமுக்கினா ஒண்ணொண்ணா பின்னாடி போவும், தேதியும் மணியும் நம்பரும் வரும், இங்கிலீசு எழுத்து தெரியலன்னாலும் நம்பரு எனக்குத் தெரியுமே. அமுக்கிக்கினே போனேன். ஒரு வெள்ளிக்கிழமை எட்டு அஞ்சிக்கு அறுவத்தெட்டு, எட்டேகாலுக்கு அறுவது, எட்டு இருவத்தஞ்சிக்கு அம்பத்தேழு. அடுத்த வெள்ளி அதே மணிக்கு அறுவத்தாறு, அம்பத்தெட்டு, அம்பத்திரண்டு. அதுக்கடுத்த வெள்ளி கடைசி நம்பரு நாப்பத்தேழு. வெள்ளிக்கிழமையில நான் ஆறு மணிக்கே கழனிக்குப் போயிடறேன். யாரோ பாப்பா பக்கத்துல உக்காந்துக்கினு, அது எறங்கறத ஒவ்வொரு படியா குத்திக் குத்திப் பாத்துக்கினு இருந்திருக்காங்க. மிஷின கையில வச்சிக்கினு அடுப்பங்கரைய திரும்பிப் பாத்தேன், உங்கம்மா மொளகா அரைச்சிக்கினு என்னையேதான் பாத்துக்கினு இருந்தா.

நான் கேக்கறதுக்குள்ள அவளே சொல்லிட்டா பிரகாசு. ஊசி போட்டுட்டு சாமி கும்புட்டாதான் சோறுன்னு புள்ளைய ஒக்கார வச்சிக்குவாளாம், சக்கரத் தண்ணிய டம்ளர்ல கரைச்சி மடியிலயே வச்சிக்குவாளாம், கண்ணு சொருவினதும் அண்ணன் எங்கன்னு கேப்பாளாம். மொத வாரம் தொடை வரைக்கும் தண்ணின்னுச்சாம். ரெண்டாவது வாரம் இடுப்பு. மூணாவது வாரம் அண்ணன் முதுவுதான் தெரியுது, கூப்புட்டா திரும்பமாட்டேங்குதுன்னுச்சாம். இதச் சொல்லும்போது உங்கம்மா அழல. இன்னும் கொஞ்சம் எறங்குனா அவன் திரும்பிடுவான்னு மெதுவா என் கையப் புடிச்சிக்கினு சொன்னா. நாப்பத்தேழுக்குக் கீழ இன்னா இருக்குதுன்னு அவளுக்குத் தெரியாதா, வலிப்பு வரும், நெனவு போயிடும், அப்பறம் சக்கரத் தண்ணிய வாயில ஊத்தவும் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவதான். நர்சம்மா கிட்ட பாப்பாவையும் உங்கம்மாவையும் கூட்டிக்கினு போயி வெவரம் சொன்னேன், மூளைக்கு சக்கரை போவலன்னா புள்ள எதக் கேட்டாலும் அதச் சொல்லும், அண்ணன்னா அண்ணன்னும் ஆட்டுக்குட்டின்னா ஆட்டுக்குட்டின்னும் சொல்லும், இனிமே இப்படி நடந்தா புள்ள மிஞ்சாதுன்னு திட்டி அனுப்பிச்சி. உங்கம்மா எல்லாத்துக்கும் தலையாட்டினா. வூட்டுக்கு வந்ததும் காலண்டர்ல வெள்ளிக்கிழமைய பாத்துக்கினு நின்னா.

இப்ப ஊசி நான்தான் போடறேன், பாப்பா சாப்புட்டு வாய் கழுவுனதப் பாத்துட்டுதான் வேலைக்குப் போறேன், கழனிக்காரரு லேட்டா வராதன்னு கத்தறாரு, எத்தினி நாளைக்கு வுடுவாருன்னு தெரியல. உங்கம்மாவ மட்டும் கெட்டவ ஆக்கிட்டு இந்தக் கடுதாசிய முடிச்சிடலாம்னுதான் இருந்தேன். முடியல. நேத்து சாயங்காலம் பாப்பாவ கூட்டிக்கினு ஏரிக்கரையோரம் வெறகு பொறுக்கப் போனேன், ஓடி ஆடிச்சி, திடீர்னு உக்காந்துடிச்சி, நெத்தி சில்லுன்னு வேர்த்திச்சி. பொட்டலம் என் சட்டைப் பையிலயே இருக்குது, பிரிச்சி கையில கொட்டியும் ஆச்சி. பாப்பா என் தோளுக்கு மேல ஏரியப் பாத்து லேசா சிரிச்சிது, ஏரில சொட்டுத் தண்ணி இல்ல, வெடிச்ச மண்ணுதான். சக்கரைய ஒடனே வாயில போட்டிருக்கணும் இல்லியா. நான் கைய அப்படியே நிறுத்திக்கினு, அண்ணன் திரும்பிட்டானான்னு கேட்டுட்டேன். அது சொல்லிச்சி, அண்ணன் கரைக்கு வந்துடிச்சிப்பா, உன்னதான் திரும்பச் சொல்லுதுன்னு. நான் திரும்பல. சக்கரைய அதோட கன்னத்துக்குள்ள அடைச்சிட்டு அத மார்மேல போட்டுக்கினு நின்னேன், கால்மணி நேரத்துல தெளிஞ்சி முறுக்கு வாங்கிக் குடுன்னு கேட்டிச்சி, ஒண்ணும் ஞாபகம் இல்ல. வூடு வந்து சேர்ற வரைக்கும் என் முதுவு சில்லுனே இருந்திச்சி. ஊரையே கிண்டல் பண்றவன் நான், ஒரு தடவகூட பின்னாடி பாக்காமதான் நடந்தேன். அதனாலதான் சொல்றேன், அவளுக்கு மட்டும் இல்ல, இனிமே என்னையும் நம்பி பாப்பாவ வுடமுடியாது.

நீ நோவு நொடி இல்லாம, நாலு பேரு மெச்ச நல்லா இருக்கணும், நம்ம மலைசாமி உனக்குத் தொணையா நிக்கட்டும். அங்க மழ ஜாஸ்தின்னு சொல்றாங்க, ஓடை தாண்டிப் போற வேலைன்னா வேணாம்னு சொல்லிடு. இந்த வெள்ளிக்கு இந்தக் கடுதாசி உன் கைக்கு வராது, அன்னிக்கு நான் வேலைக்குப் போவாம வூட்டுலயே காவல் இருக்கேன். அதுக்கடுத்த வெள்ளி காலையில ஏழரை மணிக்கு, யாரு போன கடன் வாங்கியாவது உங்கம்மாவுக்குப் போடு. நலம் விசாரிக்க வேணாம், சுகரப் பத்தி பேசக்கூட வேணாம், என்னம்மா இன்னா பண்ற, பாப்பா சாப்புட்டுச்சான்னு மட்டும் கேளு. உன் குரலு காதுல வுழுந்திச்சின்னா அவ எழுந்து போயி சோறு போட்டுடுவா.

இப்படிக்கு,
உன் அப்பா
வேடியப்பன்