வாசலில் ஒரு சாட்சி

மார்ச் 3, திங்கள்
ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து நான் வார்டராக இருக்கும் பெண்கள் சிறையில் எனக்குப் பட்டப்பெயர் ‘அல்லேலூயா’. சாவிக்கொத்தோடு நான் உள்ளே நுழைந்ததும், “அல்லேலூயா வந்தாச்சு, பாவமன்னிப்பு கேட்டுக்கங்கடி!” என்று தலைமை வார்டர் கத்துவாள். நாங்கள் எல்லோரும் அவளை அக்கா என்போம். சிரித்து வைக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்
காலையில் தண்ணீர்த் தொட்டி வரிசை. தையல்காரி என்று ஒரு கைதி, கூடுதலாக ஒரு வாளி பிடித்துவிட்டாள். அதற்குப் போய் அக்கா லத்தியால் விளாசினாள். கை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.
பிறகு வார்டர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, “ஈரத்துல வழுக்கி விழுந்துட்டா. விசாரணைல எல்லாரும் இதான் சொல்லணும். புரியுதா, அல்லேலூயா?” என்றாள்.
நான் வாயே திறக்கவில்லை. ஏன்? நாக்கு செத்துப்போச்சா?

மார்ச் 7
வீட்டுக்காரரிடம் சொன்னேன். “எல்லாரும் சும்மா இருக்கும்போது உனக்கு மட்டும் என்னடி? வேலை போச்சுன்னா உன் சாமியா வந்து அடுப்பு பத்தவைப்பார்?”
“நீங்க பத்தவைங்களேன்!” என்றேன். கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

மார்ச் 9, ஞாயிறு
ஆராதனை முடிந்ததும் போதகர், “ஆண்டவர் உன்னை எப்படி மாத்தினார்னு அடுத்த வாரம் நீ சாட்சி சொல்லும்மா. புது விசுவாசி பேசினா சபைக்கு உற்சாகமா இருக்கும்” என்றார். தையல்காரி விஷயத்தைச் சொன்னேன். அவர் குரல் தணிந்தது. “அதுல கொஞ்சம் ஞானமா நடந்துக்கம்மா. சிறைக்குள்ள ஊழியத்துக்கு நம்மள விடறதே அந்தச் சிறை அதிகாரிங்கதானே.”
“இங்க சாட்சி சொல்லணும், அங்க சொல்லக் கூடாதா, பாஸ்டர்?”
அவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார். நான் என்னுடையதை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 10
பயமாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்.

மார்ச் 12, புதன்
“வழுக்கி விழுந்தாளா?” என்று விசாரணை அதிகாரி கேட்டார்.
“இல்ல சார். அக்கா அடிச்சாங்க. நான் பாத்தேன்.”
வெளியே வந்ததும் அக்கா என் காலடியில் காறித் துப்பினாள். நான் நகரவில்லை.

மார்ச் 17
அக்கா தற்காலிக நீக்கம். என்னை வெளிவாசல் காவலுக்குத் தள்ளிவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நன்றாகக் காலை நீட்டி, வயிறாரச் சாப்பிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு
இன்றைய பிரசங்கம்: பகைவருக்காக ஜெபிப்பது.
அக்காவுக்காகவா? முடியாது. கட்டு மாற்ற மருத்துவமனைக்குத் தையல்காரியை என் வாசல் வழியாகத்தான் கூட்டிப்போகிறார்கள். அந்தக் கையைப் பார்த்த கண்ணை மூடி எப்படி ஜெபிப்பேன்? ஆண்டவரே, உண்மையைச் சொல்லணும்னீங்க, சொல்லிட்டேன். இதுக்கு மேல என்கிட்ட எதுவும் கேக்காதீங்க.

ஏப்ரல் 4, வெள்ளி
நீக்க உத்தரவுப்படி சீருடையைத் திருப்பிக் கொடுக்க அக்கா வந்தாள். உள்ளே விட உத்தரவு வரும்வரை வாசலிலேயே நிற்க வேண்டும். நல்ல வெயில். அவளிடம் வேலை கற்றவர்களே பார்க்காத மாதிரி கடந்து போனார்கள்.
“என்ன, இப்ப சந்தோஷமா?” என்றாள்.
“இல்லக்கா. ஆனா மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.”
என் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன். முறைத்தாள். வெகுநேரம் கழித்து உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே வாசல் பார்த்தேன்.

ஏப்ரல் 5
காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபித்தேன்: “ஆண்டவரே, அவளையும் கொஞ்சம் பாருங்க. எனக்கு இது சுத்தமாப் பிடிக்கல. இருந்தாலும் பாருங்க.”