அறுந்த செருப்பு காப்பாத்திய மேஜை

பாப்பா அம்மாவுக்கு,

நான் சுகம். பாப்பாவுக்குச் சளி விட்டுச்சா? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

நேத்து பட்டறையில சின்னதா ஒரு கூத்து. பயப்படாதே, முடிஞ்சு போச்சு. மேஜைப் பலகையை அவசரத்துல முரட்டு உப்புத்தாளை வெறும் விரல்ல பிடிச்சுத் தேய்ச்சுட்டேன். வெளிச்சத்துல பார்த்தா பலகை முழுக்கப் பள்ளம் பள்ளமா விரல் தடம். "சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு, இல்லேன்னா ஊருக்குக் கிளம்பு"ன்னுட்டார் மேஸ்திரி.

நீ வாங்கிக் கொடுத்த ரப்பர் செருப்பு, வார் அறுந்தும் தூக்கிப் போடாம வெச்சிருந்தேன். அதைக் கட்டையா வெட்டி, தாளைச் சுத்தி, மரத்தோட ரேகை ஓடுற பக்கமாவே தேய்ச்சேன். பள்ளம் மறைஞ்சதும் நைஸ் தாள். மேஸ்திரி உள்ளங்கையால தடவிப் பார்த்துட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். அப்பாடா!

யாராவது இந்தப் பக்கம் வந்தா அதே மாதிரி ஒரு ஜோடி கொடுத்து விடு. மேஸ்திரி கூப்பிடுறார், ஓடுறேன். செருப்பு இங்கேயும் கிடைக்கும்தான். இருந்தாலும் நீயே வாங்கு.

பாப்பா அப்பா