மாடிக்காரரிடம் கொடுத்த சாவி

என் அருமை அப்பாவுக்கு,

அருமை என்பதைச் சும்மா போடவில்லை. நீங்கள் என்னைச் செல்லமாகத்தான் வளர்த்தீர்கள், தெருவே சொல்லும். ஆனால் இது கொஞ்சிக்கொண்டு எழுதும் கடிதம் இல்லை. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நாலு பேர் கண்ணில் படாமல் என்னை வைத்திருந்தீர்களே, அந்த ஆத்திரம் நீங்கள் போன பிறகும் அடங்கவில்லை.

முதலில் வீட்டுச் சேதி. துணிக்கடையைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். பாண்டி பஜாரில் இப்போதெல்லாம் கால் வைக்க இடமில்லை என்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? தங்கச்சி வடிவு மதுரையிலிருந்து இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். உங்கள் சாய்வு நாற்காலியில் அம்மா யாரையும் உட்கார விடுவதில்லை. நான் என் சக்கர நாற்காலியில், ரேடியோ பக்கத்தில், அதே பழைய மூலையில்.

இளம்பிள்ளை வாதம் வந்ததற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். என்னைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, கும்பிடாத சாமி இல்லை. ஆனால் நோய் முடக்கியது காலை மட்டும்தானே? மிச்சத்தை யார் முடக்கினார்கள்?

ஒரே ஒரு தடவை என்னைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனீர்கள். சாயங்காலக் காட்சி. டிக்கெட் கிழிக்கிற ஆள் நாற்காலியை மேலும் கீழும் பார்த்தான். “இன்னா நைனா, வண்டியெல்லாம் இட்டாந்துகீற? வழில நின்னா ஜனம் தடுக்கி வுழும். ஊட்டாண்ட குந்திக்கினு ரேடியோ கேக்கச் சொல்லு.” அவன் பேசியதைக்கூட நான் மறந்துவிடுவேன். “அதுவும் சரிதான்” என்று நீங்கள் உடனே வண்டியைத் திருப்பினீர்களே, அதை எப்படி மறப்பது? கடைக்கு வந்த துணிக்கட்டில் ஒரு கஜம் குறைந்தால் சவுகார்பேட்டை மொத்தக்கடை வரை போய்ச் சண்டை போட்டுவிட்டு வருகிற மனுஷன் நீங்கள். எனக்காக ஒரு வாய் வார்த்தை வரவில்லை.

அதற்குப் பிறகு கல்யாண வரவேற்பு, மயிலாப்பூர்க் கச்சேரி, எதுவானாலும் ஒரே பல்லவி. “ஏட்டி செண்பகம், ராத்திரிப் பனி உனக்கு ஆகாது கேட்டியா. பத்திரமா இரு.” சித்திரை வெயிலில் வேர்த்து வழியும்போதும் உங்களுக்குப் பனி கொட்டியது. எல்லோரும் பட்டுக் கட்டி, பூ வைத்துக் கிளம்புவீர்கள். வெளியே பூட்டு விழும். நான் உள்ளே இருப்பேன்.

அந்தச் சாவிக்கு வருகிறேன். மாடிப் போர்ஷனில் கோமதிநாயகம் குடிவந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை, நம்ம திருநெல்வேலிப் பக்கம், கல்யாணம் ஆகாதவர். “வயசுப் பொண்ணு இருக்கிற வீடு தம்பி” என்று முதல் நாளே சட்டம் போட்டீர்கள். வடிவு தனியாக ஹாலில் இருந்தால் அவர் மாடியை விட்டு இறங்கக் கூடாது. குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட அம்மாதான் கொடுக்க வேண்டும்.

அதே வாயால், வெளியே கிளம்பும்போது, வீட்டுச் சாவியை அவரிடமே நீட்டினீர்கள். “மூத்தவ உள்ள தனியா இருக்கா. ஏதாச்சும் அவசரம்னா தொறந்து பாத்துக்கிடுங்க.”

வடிவைவிட நான் மூத்தவள். எனக்கு அப்போது வயதே இல்லையா அப்பா? நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை, அதுதான் என்னை இன்னும் எரிக்கிறது. உங்களுக்குத் தோன்றவே இல்லை. பால் பாட்டிலை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பார்களே, அப்படிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் எல்லோரும் அடையாறில் ஒரு வரவேற்புக்குப் போயிருந்த நாள். அவர் கதவைத் திறந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். “வெளிய போயி ஒரு காப்பி குடிச்சிட்டு வருவமா? நீங்க சரின்னாத்தான்.” அதுவரை என்னிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. டாக்ஸி வந்தது. “இன்னா சார், நான் தூக்கினு வரட்டா?” என்றார் டிரைவர். “அவங்களைக் கேளுங்க” என்றார் இவர். நான் கையை ஊன்றி நானே சீட்டுக்கு நகர்ந்தேன். காலியான சக்கர நாற்காலியை அவர் வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தார்.

காரை விட்டு இறங்காமலே சாப்பிடுகிற ஓட்டலுக்குப் போனோம். மரத்தடியில் வரிசையாகக் கார்கள், விளக்கு ஏற்றும் நேரம். புருஷன் பெண்டாட்டி, காதலர்கள், குழந்தை குட்டியோடு குடும்பங்கள். எல்லோரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள் அப்பா, என்னைப் போலவே. சர்வர் கார்க் கதவில் தட்டை மாட்டிவிட்டு என்னிடமே கேட்டார், “உங்களுக்கு என்னம்மா?” நம் சொந்தக்காரர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே உங்களிடம்தான் கேட்பார்கள், “அவ என்ன சாப்பிடுவா?” நான் ரவா தோசை சொன்னேன். பக்கத்துக் காரிலிருந்த அம்மாள் எங்களைப் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் என்று நினைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நீங்கள் பூட்டிவிட்டுப் போன பல சாயங்காலங்களில் நான் வீட்டில் இல்லை. இதில் எனக்கு எள்ளளவும் வருத்தம் கிடையாது.

நீங்கள் கடையிலிருந்து வந்தபின் அவர் கிரிக்கெட் வர்ணனை கேட்க இறங்கி வருவார் அல்லவா? அதைக் கவனித்து நீங்களாகவே முடிச்சுப் போட்டீர்கள்: பையன் வடிவுக்காக வருகிறான். ஒரு வெள்ளிக்கிழமை அவரை வரச் சொன்னீர்கள். தாம்பூலத் தட்டு, கேசரி, பஜ்ஜி, வடிவுக்கு அரக்குப் பட்டு. நல்ல காரியத்தில் நான் கண்ணில் படலாமா? என்னைப் பின்கட்டு அறைக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினீர்கள். கதவைத்தான் சாத்தினீர்கள், காதை இல்லை.

“செண்பகம் எங்க?” என்றார் அவர்.

“அவ உள்ள கெடக்கா. நீங்க வடிவைப் பாருங்க.”

“நான் வந்துபோனது மூத்தவங்களுக்காக. அவங்களைத்தான் கட்டிக்கிடணும்னு கேக்கேன்.”

நீங்கள் சிரித்தீர்கள் அப்பா. திட்டியிருந்தால்கூட மதித்திருப்பேன். வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்து வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் கோபம் வந்தது. “மாடியைக் காலி பண்ணிருங்க.”

அப்புறம் என் அறைக்கு வந்தீர்கள். “அவன் உன்னையா பாக்கான்? நம்ம கடையைப் பாக்கான். பொண்டாட்டின்னா அடுப்படியில நிக்க வேண்டாமா ஏட்டி?” நான் சொன்னேன், “எனக்கு அவர்தான் வேணும்பா.” நீங்கள் ஹாலுக்குப் போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தீர்கள். என் வாழ்க்கையைப் பற்றி நாம் இருவரும் பேசியது அவ்வளவுதான்.

எமர்ஜென்சி வந்து போனது. வடிவை மதுரையில் கொடுத்தீர்கள். அந்தக் கல்யாணத்தில் நான் மண்டபத்துச் சமையல்கட்டுப் பக்கம் காய்கறிக் கூடைகளோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. கடைசி நாட்களில் என் கையை விடாமல் பிடித்திருந்தீர்கள். “எனக்குப் பொறவு உன்னை யாரு பாப்பா?” என்று அழுதீர்கள். பார்க்க வந்த ஒருவரைத் துரத்தியது உங்களுக்கு நினைவே வரவில்லையா? கேட்க நினைத்தேன். மூச்சு வாங்கும் மனுஷனிடம் எப்படிக் கேட்பது?

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோமதிநாயகம் வந்தார். முன்னாள் குடித்தனக்காரர் மரியாதைக்கு வந்திருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். “இன்னும் கல்யாணம் ஆகலையா தம்பி?” என்று அம்மா கேட்க, இல்லை என்று தலையாட்டினார். சாப்பாடு முடிந்து ஆண்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா பெருமூச்சு விட்டார். “வருசம் திரும்புறதுக்குள்ள வீட்டுல ஒரு கன்னிகாதானம் நடந்தா போன ஆத்மாவுக்குப் புண்ணியம்பாக. அண்ணாச்சிக்குக் குடுத்து வைக்கலை. இந்த வீட்டுல கல்யாணத்துக்கு யாரு இருக்கா?”

தன் முழங்கால் என் சக்கரத்தில் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு சித்தப்பா இதைச் சொன்னார்.

“நான் இருக்கேன் சித்தப்பா” என்றேன்.

“நீயா?” என்றார். நான் நாற்காலியைத் திருப்பி, அத்தனை பேர் நடுவில், கோமதிநாயகத்தைக் கேட்டேன்: “அன்னைக்கு நீங்க கேட்டது இன்னும் நிக்குதா?”

அவர் எழுந்து நின்றார். “நிக்கு” என்றார்.

சித்தப்பா ஏதோ ஆரம்பித்தார். அம்மா அடுக்களை வாசலிலிருந்து அவரை வெட்டினாள். “தை மாசத்துல நாள் பாருங்க கொழுந்தனாரே.” உங்கள் முன்னால் வாய் திறக்காத அம்மாதான் அப்பா.

வடபழனி கோயிலில் தாலி கட்டு. சாயங்காலம் மயிலாப்பூரில் வரவேற்பு, சீரியல் விளக்கும் பாட்டுக் கச்சேரியுமாக. மண்டபத்துக்கு ஏழெட்டுப் படி இருக்கிறது. பலகை போட்டுத் தரவில்லை என்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள் என்று நானே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். போடுகிறார்கள்.

ஆக, உங்கள் தலைத்திவசத்துக்கு முன்னால் இந்த வீட்டில் கன்னிகாதானம் நடக்கப்போகிறது. அந்தப் புண்ணியம் முழுக்கப் பெற்றவருக்குத்தான் போய்ச் சேருமாம், அவர் அதைத் தடுத்தவராகவே இருந்தாலும். சாஸ்திரத்தோடு எனக்குச் சண்டை இல்லை, எடுத்துக்கொள்ளுங்கள். மன்னிப்பை மட்டும் அதோடு சேர்த்து எதிர்பார்க்காதீர்கள். அது சாஸ்திரத்தின் கையில் இல்லை, என் கையில் இருக்கிறது. மனசு இறங்கும் நாளில் உங்கள் படத்துக்கு முன்னால் வந்து நானே சொல்கிறேன், இது வாக்கு. அதுவரை காத்திருங்கள்.

கல்யாணத்துக்கு இருக்கிற உங்கள் மூத்த மகள்,
செண்பகம்