அம்மா வாயில் மிஞ்சிய ‘ஓது’

பூந்தமல்லி

அன்பு மகள் சபீனாவுக்கு அத்தா எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் தம்பி சாஹிலும் நோய்நொடி இல்லாம இருக்கோம், டப்ளின் குளிர்ல உனக்கும் அல்லாஹ் சுகத்தைக் கொடுக்கணும்னு ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் கேட்டுக்கிட்டு இருக்கேன். அம்மாவைப் பத்தித்தான் இந்தக் கடிதமே. போன்ல பேசினா கட்டில்ல இருக்கிற அவ காதுல விழும், வாய்தான் போச்சே தவிர நாம பேசுறது அவளுக்கு விளங்குதுன்னு எனக்குத் தோணுது. வாட்ஸ்அப்ல அனுப்பினா சாஹில் பார்த்துடுவான், அம்மாவுக்குச் சரியாயிடும்னு அவன் இன்னும் நம்பிக்கிட்டு இருக்கான், அதைக் கெடுக்க மனசு வரலை. மாடி வீட்டு அகல்யா உங்க ஊருக்கே வேலைக்கு வர்றதால அவ கையில கொடுத்து விடுறேன்.

கடையை மத்தியானம் வரைக்கும்தான் திறக்கிறேன். லாரி சீட்டு தைக்கக் கொடுக்க வந்த பச்சையப்பன், இன்னா பாய், அண்ணி எப்டி கீறாங்கன்னு கேட்டான், பரவாயில்லன்னு சொல்லிட்டேன். பரவாயில்லாம இல்ல. பக்கவாதம் வந்தப்ப மூளையில பேச்சு இருக்கிற இடமே அடிபட்டுப் போச்சு, இதுக்கு மேல பேச்சு திரும்பாது, இன்னொரு தடவை வந்தா உடம்பு தாங்காதுன்னு டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லிட்டார்.

அவகிட்ட இருக்கிறது இப்ப ஒரே வார்த்தை, ‘ஓது’. உனக்குத் தெரியாததா, சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சதும் தெருப் பொம்பளப் புள்ளைங்க குர்ஆனைத் தூக்கிக்கிட்டு அம்மாகிட்ட ஓதிக் கத்துக்க வந்துடும், ஓதும்மான்னு மெதுவா சொன்னா ஆரம்பின்னு அர்த்தம், ஓதுன்னு வெட்டிச் சொன்னா தப்பு, திரும்பச் சொல்லுன்னு அர்த்தம். நான் பீடியை விட்டதுகூட இவ என் காதுல ஓதி ஓதித்தான்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். நல்லது சொல்றதுக்கும் அந்த வார்த்தைதான், மருமக புருஷன் காதுல ஓதிக் கெடுத்துட்டான்னு திட்டுறதுக்கும் அதே வார்த்தைதான். இப்ப அவ சொல்றதுல இந்த அர்த்தம் எதுவும் இல்லம்மா. தண்ணிக்கும் ஓது, ஃபேனைப் போடச் சொல்றதுக்கும் ஓது, வலிக்கும் ஓது. அவ நினைக்கிறது ஒண்ணு, வாயில வர்றது இது ஒண்ணுதான்.

போன வாரம் எதிர் வீட்டு ஜீனத், அந்த எட்டு வயசுப் புள்ள, பார்க்க வந்துச்சு. அம்மா அதைப் பார்த்து ஓதுன்னா. அது சந்தோஷமா தலையில முக்காட்டைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்து ஓத ஆரம்பிச்சிடுச்சு. நான் அடுப்படியில கஞ்சி காய்ச்சிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தேன், மனசு குளிர்ந்து போச்சு, பழைய வீடு திரும்பிடுச்சுன்னு நினைச்சேன். அம்மா திரும்ப ஓதுன்னா, புள்ள தப்பா ஓதிட்டோமோன்னு முதல்லேர்ந்து ஓதுச்சு. இன்னும் சத்தமா ஓது, ஓதுன்னா. புள்ள அழ ஆரம்பிச்சதும் ஓடி வந்து பார்க்கிறேன், படுக்கையெல்லாம் ஈரம். பாத்ரூம் போகணும்னுதான் அவ்வளவு நேரமா கேட்டிருக்கா. அந்தப் புள்ளைகிட்ட, உம்மேல தப்பு இல்லடா, நீ நல்லா ஓதினேன்னு சொல்லி அனுப்பினேன். அம்மா செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா, சாயங்காலம் வரைக்கும் என் முகத்தைப் பார்க்கலை. அதுக்கப்புறம் புள்ளைங்களை உள்ள விடுறதில்ல.

இப்ப உன் விஷயம். வீடியோ கால்ல உன்னைப் பார்த்ததும் அம்மா ஓதுன்னா. படிப்பை விட்டுட்டு வராதே, படின்னு அம்மாவே சொல்லிட்டாங்க, கோர்ஸ் முடிச்சிட்டுத்தான் வருவேன்னு நீ சாஹிலுக்கு எழுதி டிக்கெட்டையும் கேன்சல் பண்ணிட்டே. அவன் என்கிட்ட அதை வாசிச்சுக் காட்டினான். அன்னைக்கு வீடியோ கால் முடிஞ்சு நீ போனை வச்ச பிறகு போர்வையை எடுத்துப் பார்த்தா, அவ வலது கை முதுகுக்கு அடியில மடங்கிக் கிடந்துச்சும்மா. அதை எடுத்து விடச் சொல்லித்தான் கேட்டிருக்கா. உனக்குப் புத்தி சொல்லலை. சொல்ல நினைச்சாளான்னு இனிமே யாருக்கும் தெரியப்போறதும் இல்ல.

இதை எழுதாம விட்டா நீ அம்மா பேச்சைக் கேட்டோம்னு நிம்மதியா இருந்திருப்பே. ஆனா நாளைக்கு ஒண்ணு ஆயிட்டா அந்த நிம்மதி உனக்கு நிக்காது. உன் குரல் கேட்டா தலையைத் திருப்புறா, அது நிஜம், அதை மட்டும் நான் உறுதியா சொல்வேன். நீ வந்தா அவ எழுந்துடுவான்னு ஆசை காட்டலை, எழுந்திருக்க மாட்டா. படிப்பு வீணாப் போனாலும் போகும். இருந்தாலும் வாம்மா. அம்மா கூப்பிட்டான்னு நினைக்காதே, கூப்பிடுறது நான்.

அல்லாஹ் உன்னைப் பத்திரமா வச்சிருக்கணும், உனக்கு நேரான வழியைக் காட்டணும். ஈரத்தலையோட வெளியே கிளம்பாதே. அம்மாவுக்கு நைட்டி ஏதும் எடுத்தா பழைய அளவுல எடுத்துடாதே, பாதியாப் போயிட்டா.

உன் அத்தா
உஸ்மான் கனி