மூன்றாவது ஓட்டு

ராஜபாளையம்
22.2.2022

அன்பு மகள் மகாலட்சுமிக்கு,

மாரியம்மன் கிருபையில் அப்பாவும் நானும் சுகம். போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

ஏட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்ன சீமையிலா இருக்கு? பஸ் ஏறினால் அரைமணி நேரம். சனிக்கிழமை வார்டு எலெக்‌ஷனுக்கு நீ வருவாய் என்று பூத் வாசலிலேயே நின்றேன். நம்ம வார்டில் நின்ற ஆவுடையப்பனோட ஆள் லிஸ்டைப் பார்த்து, "என்னக்கா, மூணு சொன்னீக, ரெண்டுதான் விழுந்திருக்கு"ன்னு எல்லார் முன்னாலயும் கேட்கிறான். அம்மன் சந்நிதியில் கற்பூரத்தில் அடித்து, எங்க வீட்டு மூணு ஓட்டும் அவருக்குத்தான் என்று சத்தியம் செய்தவள் நான்! இன்றைக்கு எண்ணினார்கள், அவர் ஜெயித்துவிட்டார். இல்லையென்றால் தெருவில் எப்படி நடப்பேன்?

உங்க வயசுப் பிள்ளைகளுக்குச் செல்லைத் தேய்க்க விரல் இருக்கு, மை வைக்க மட்டும் இல்லை.

கோபத்தோடு,
அம்மா அழகுத்தாய்

---

ஸ்ரீவில்லிபுத்தூர்
27.2.2022

அம்மாவுக்கு,

தேர்தலில் நின்ற மூணு பேர் நோட்டீசையும் வாசித்து, யாருக்குப் போடணும் என்று முடிவு செய்து, லேபில் லீவும் சொல்லியிருந்தேன். வியாழக்கிழமை நீ போனில் அந்தச் சத்தியத்தைச் சொன்னாய். நான் நினைத்த ஆளுக்குப் போட்டால் உன் சத்தியம் பொய்யாகும்; அப்பாவுக்குத் தலைவலி வந்தால்கூட என்னால்தான் என்பாய். ஆவுடையப்பனுக்கே போடணும் என்றால் நான் எதற்கு, என் விரல் எதற்கு?

என் ரூமில் இருக்கிற இவாஞ்சலின் ஓட்டை அவள் பெரியப்பா முடிவு பண்ணுவாராம். அவளும் ஊருக்குப் போகவில்லை. எங்களுக்கு அக்கறை இல்லை என்று மட்டும் சொல்லாதே.

மகா

---

ராஜபாளையம்
18.6.2022

மகாவுக்கு,

நாலு மாதமாக உனக்குப் பதில் எழுதவில்லை. கோபம்தான். இப்போது கோபம் வேறு ஆள்மேல்.

பத்தொன்பது நாளாகத் தெருவில் தண்ணீர் இல்லை. வராத நாளையெல்லாம் நோட்டில் தேதி போட்டுக் குறித்து, கவுன்சிலரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஆவுடையப்பன் சிரிக்கிறான்! "அக்கா, நீங்க கற்பூரத்துல அடிச்சவுக, எங்க போயிருவீக? பக்கத்துத் தெருவுலதான் எனக்கு ஓட்டு விழல. மொதல்ல அங்க பைப்பு போடணும். செத்த பொறுங்க."

"அம்மனுக்குப் பண்ணின சத்தியம்யா அது, உனக்கு எழுதிக் கொடுத்த பட்டா இல்லை"ன்னு கேட்டுவிட்டு வந்தேன். வருகிற வழியில் கோவிலுக்குப் போனேன். என் வாக்கு என்னுடையது, கொடுத்தேன், செய்தேன். பெற்ற மகளாக இருந்தாலும் உன் வாக்கை நான் எடுத்துக் கொடுத்தது தப்பு. அம்மனிடம் சொல்லிவிட்டேன். உன்னிடமும் சொல்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நகராட்சியில் மனு கொடுக்கிறோம். வெள்ளத்தாய் மதினியோடு சேர்த்து ஆறு பேர் கையெழுத்துப் போட்டாச்சு. அப்பா, "மகா பேரையும் நீயே எழுதிரு"ன்னு சொன்னார். எழுதவில்லை. ஏழாவது வரியை விட்டு வைத்திருக்கிறேன்.

அம்மா